இழைப்பு மிஷினும் ஒரு படகு ஆணியும்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு முடிகிறது. இன்று காலை கோயிலில் நடந்த திருப்பலிக்கு வந்துவிட்டு, வீட்டிலும் ஒரு வாய் சாப்பிட்டு, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். அண்ணனுக்கு மனைவி மக்கள் கிடையாது. பிள்ளைகள் எழுத வேண்டிய பக்கங்களைத் தங்கை எழுதுகிறேன்.

நினைவு மலர் என்றால் இறந்தவரின் நல்ல குணங்களை வரிசையாகச் சொல்லிவிட்டுப் போவதுதான் முறை. நான் அப்படிச் செய்யப் போவதில்லை. அண்ணனுடைய இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் கிடையாது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். குடித்துவிட்டு இழைப்பு மிஷினில் கையை விட்டார், விரல் போயிற்று என்பது ராயபுரத்திலிருந்து தண்டையார்பேட்டை வரை ஊர்ப்பேச்சு. இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அந்தக் கையைக் காட்டி உங்கள் பிள்ளைகளைப் பயமுறுத்தியிருக்கிறீர்கள். நானே பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சு பொய். பொய் என்று தெரிந்தவர்கள் மூன்று பேர். அண்ணன், அவரோடு வேலை செய்த கன்னியப்பன், அப்புறம் நான். பதினாறு வருடம் நான் வாயைத் திறக்கவில்லை.

அண்ணன் பிறந்தது ராயபுரம் கோயிலுக்குப் பின்னால் ஓர் ஒட்டுக்குடித்தன வீட்டில். எங்கள் அப்பா துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கும் கூலி. அண்ணனுக்கும் எனக்கும் எட்டு வயது வித்தியாசம். நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. எட்டாவது வரை படித்தார். கணக்கு நன்றாக வரும், கையெழுத்துதான் வராது. படிப்பை விட்டதும் காசிமேட்டில் தோணி கட்டும் பட்டறையில் சேர்ந்தார். பலகையைக் கையால் தடவியே எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் பள்ளம் என்று சொல்லிவிடுவார் என்பார்கள். அவருக்கு இருபது வயதாகும்போது துறைமுகத்தில் சரக்குக் கட்டு அறுந்து அப்பாவின் மேல் விழுந்தது. அப்பாவை வீட்டுக்குக் கொண்டு வந்தபோது முகத்தைத் தவிர எல்லாவற்றையும் மூடியிருந்தார்கள்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அன்று நின்ற பேச்சு எனக்கு மூன்று மாதம் திரும்பவில்லை. பிடிவாதம் ஒன்றும் இல்லை. சொல்ல நினைப்பது தொண்டை வரை வரும், அதற்கு மேல் வராது, அவ்வளவுதான். வருகிறவர் போகிறவர் எல்லாம் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கோயிலில் மந்திரித்த எண்ணெயைத் தொண்டையில் தடவினார்கள். பக்கத்து வீட்டு அக்கா, "இதுக்குக் காத்து கருப்பு பட்டுக்கீது, எண்ணெயில எல்லாம் போவாது" என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

அண்ணன் மட்டும் என்னைப் பேசச் சொல்லவில்லை. பட்டறை முடிந்து வரும்போது இரண்டு மரத்துண்டுகளைக் கொண்டு வருவார். நடையில் உட்கார்ந்து இழைப்புளியால் இழைத்துக்கொண்டிருப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சுருள் சுருளாக விழும் மரச்சீவலைப் பொறுக்குவேன். அம்மா அழுதால், "அவளா பேசும்போது பேசட்டும்மா. நீ இன்னாத்துக்கு அவள உலுக்கிகினே கீற?" என்பார்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. பங்குச் சாமியாருக்குத் தெரியாமல், திருவொற்றியூர்ப் பக்கம் கால்வாய்க் கரையில் பேயோட்டும் ஒரு பூசாரியிடம் என்னைக் கூட்டிப்போனார். வேதக்காரர்களான நாங்கள் அங்கே போனது தெரிந்தால் கோயிலில் பேர் கெட்டுவிடும் என்று முக்காடு போட்டுக்கொண்டு போனோம். கரையில் பெரிய வாகை மரம் ஒன்று நின்றது. பிடித்திருப்பது எதுவானாலும், அந்தப் பெண்ணின் உச்சிமுடியில் ஒரு கொத்தை ஆணியில் சுற்றி அந்த மரத்தில் அடித்துவிட்டு முடியை அறுத்துவிடுவார்கள். பேய் மரத்தோடு நின்றுவிடுமாம். அடிமரம் முழுக்க ஆணிகளும் முடிக்கற்றைகளுமாக இருந்தன. ஆணியை வீட்டு ஆண்பிள்ளைதான் அடிக்க வேண்டும் என்று பூசாரி சொன்னார். அண்ணன் மாட்டேன் என்றார். அம்மா அவர் காலில் விழப் போனார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

மற்றவர்கள் கடையில் வாங்கிய கம்பி ஆணியைக் கொண்டு வருவார்கள். அண்ணன் தன் பட்டறையிலிருந்து, கொல்லன் அடித்த நாலு பட்டைப் படகு ஆணி ஒன்றை எடுத்து வந்திருந்தார். மூன்று அடி அடித்தார். மூன்றாவது அடியில் தலைமுடி சுரீரென்று இழுபட, "வலிக்குதுண்ணே" என்றேன். மூன்று மாதத்தில் நான் பேசிய முதல் பேச்சு அது. அம்மா அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆணி உள்ள கீற வரைக்கும் பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாது. ஆணி வெளிய வந்துச்சுன்னா போனது திரும்பி வந்துரும்" என்று பூசாரி சொல்லி அனுப்பினார். அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அண்ணன் வழியில் என் காதோடு, "முடிய இழுத்தா யாருக்குத்தான் வலிக்காது பாப்பா" என்றார்.

அதன் பிறகு தண்டையார்பேட்டைக்குக் குடிவந்தோம். அங்கே ஒரு மரப்பட்டறையில் அண்ணனுக்கு வேலை கிடைத்தது. முதலாளி துறைமுகத்தில் வந்த பழைய மின்சார இழைப்பு மிஷின் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்தப் பக்கத்திலேயே அப்படி ஒன்று அப்போது அங்கே மட்டும்தான் இருந்தது. அதனால் சுற்றுவட்டாரத்து மரம் எல்லாம் அங்கேதான் வரும். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆள் நீளத்துக்கு ஓர் இரும்பு மேஜை, அதன் நடுவில் குறுக்கே ஒரு பிளவு, பிளவுக்குள் கத்தி பொருத்திய ஓர் உருளை. மோட்டார் பெல்ட் உருளையைச் சுழற்றும். பலகையை மேலே வைத்துத் தள்ளினால் அடிப்பக்கம் இழைபட்டு வெளியே வரும். நாள் முழுக்கக் கையால் இழைக்கிற வேலையை மதியத்துக்குள் முடித்துவிடும். மற்றவர்கள் அதன் அருகில் போகவே பயந்தார்கள். அண்ணனும் பயந்தார். ஆனால் அவர் பயம் வேறு மாதிரி. எதற்குப் பயப்பட வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டார்.

முழுக்கைச் சட்டை போட மாட்டார். கழுத்தில் கிடந்த, மாதா படம் தைத்த உத்தரியக் கயிற்றைப் பனியனுக்குள் விட்டுப் பின் குத்திக்கொள்வார். மிஷினைப் போடுவதற்கு முன் பெல்ட்டைப் பிடித்து உருளையைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, எங்கும் இடிக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பார். கத்தியை மேலிருந்து மூடும் தகடு ஒன்று உண்டு. பலகையின் கனத்துக்கு மேல் அது ஒரு நூல்கூட உயர்ந்திருக்க விடமாட்டார். ஒரு முழத்துக்குக் குறைந்த துண்டை எவ்வளவு பெரிய ஆள் கேட்டாலும் மிஷினில் வைக்க மாட்டார், கையால் இழைத்துக் கொடுத்துவிடுவார். பலகையின் பின்னால் கை வைத்துத் தள்ள மாட்டார். அதற்கென்று கைப்பிடி வைத்த ஒரு தள்ளுகட்டை செய்து வைத்திருந்தார். சீவல் அடைத்துக்கொண்டால் மோட்டாரை நிறுத்தி, உருளை சுத்தமாக நிற்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு நின்று, பிறகு குச்சியால் எடுப்பார். "நின்ன மாதிரிதான் தெரியும். நிக்காது" என்பார்.

கத்தி தீட்டுவது அவருக்குப் பூசை மாதிரி. இரண்டு கத்தியும் ஒரே எடை, ஒரே உயரம் இருக்க வேண்டும். ஒன்று தூக்கி ஒன்று தாழ்ந்தால் மிஷின் உதறும். கத்தியைக் கழற்றும்போது சுவரிலிருக்கும் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார், தெரியாமல் யாரும் சுவிட்சைத் தட்டிவிடக் கூடாது என்று. ஒருநாள் அதை மறந்து வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டார். மறுநாள் காலை கன்னியப்பன் மூச்சிரைக்க வந்து, "அண்ணாத்தே, பீஸ் கட்டை எங்க? மொதலாளி குதிச்சிகினு கீறாரு" என்று நிற்கிறார். அம்மா அந்தப் பீங்கான் கட்டையைப் பால் பாத்திரத்து மூடியின் மேல் பூனைக்காகக் கனம் வைத்திருந்தார். இதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

கடல் காற்றுக்கு இரும்பு ஒரே வாரத்தில் துருவேறிவிடும். அண்ணன் கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளைக் கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளையிடம் கேட்டு வாங்கி வந்து, சனிக்கிழமை சாயங்காலம் மிஷின் மேஜை முழுக்கத் தேய்த்துத் துணியால் துடைப்பார். துருவும் ஏறாது, பலகையும் தடங்காமல் ஓடும். தடங்கினால்தானே ஆள் பலம் கொடுத்துத் தள்ளுவான், வழுக்கி விழுவான் என்பது அவர் கணக்கு.

எல்லாவற்றையும்விட அவர் பயந்தது ஆணிக்கு. துறைமுகத்திலிருந்து வரும் பெட்டிப் பலகையில் ஆணி நிறைய இருக்கும். உடைந்த ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து காந்தத்தைக் கழற்றி, நூலில் கட்டி, ஒவ்வொரு பலகையின் மேலும் மெல்ல நகர்த்துவார். உள்ளே இரும்பு இருந்தால் காந்தம் அந்தப் பக்கம் சாயும். இவ்வளவு செய்கிற மனிதர் குடித்துவிட்டு மிஷினில் கை வைப்பாரா என்று இந்தப் பதினாறு வருடத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. உறவினர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நானும்தான் யாரையும் கேட்க விடவில்லை.

எனக்கு இருபத்தொரு வயதில் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை ரயில்வேயில் வேலை. அவருடைய அம்மா, என் மாமியார், சபைக் கட்டுப்பாட்டில் மிகவும் கறாரானவர். கல்யாணத்துக்கு யாருக்காவது தடை உண்டா என்று கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் ஓலையில் இரண்டு வாசித்தாயிற்று, மூன்றாவது பாக்கி. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது.

அந்தச் சமயத்தில் கால்வாய்க் கரையில் ஒரு தொழிற்சாலைக்குச் சுவர் எழுப்புவதற்காக மரங்களை வெட்டினார்கள். வாகை மரமும் போயிற்று. அறுத்த பலகைகள் பள்ளிக்கூட பெஞ்சு செய்ய அண்ணனின் பட்டறைக்கு வந்தன. நடந்ததைக் கன்னியப்பன் எனக்குப் பின்னால் சொன்னார். ஒரு பலகையில் கருநீலமாகக் கறை இருந்தது. மரத்துக்குள் இரும்பு இருந்தால் அப்படிக் கறுக்கும். அண்ணன் காந்தத்தை நகர்த்தினார், சாய்ந்தது. உளியால் தோண்டினால் ஒரு கம்பி ஆணி. "அண்ணாத்தே, இது பேய் மரம். ஆணி அடிச்ச மரம்" என்று கன்னியப்பன் சொல்லியிருக்கிறார். அண்ணன் கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துவிட்டு, "எடுத்தாச்சில்ல, ஓட்டலாம்" என்றாராம்.

முதல் முறை தள்ளியபோது ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் முறை, மரத்துக்குள் படுத்திருந்த இன்னொரு ஆணியில் கத்தி மோதியது. பலகை மூடு தகட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் பறந்தது. வலது கையில் தள்ளுகட்டை இருந்ததால் அது தப்பியது. பலகையை மேலிருந்து அழுத்திக்கொண்டிருந்த இடது கை, பலகை போனதும் உருளையின் மேல் விழுந்தது. வருடங்கள் கழித்து ஒரே ஒரு முறை அண்ணன் என்னிடம் அதைப் பற்றிச் சொன்னார். "ஒரு ஆணி எடுத்தவுடனே மனசு நிம்மதியாயிடுச்சு பாப்பா. மறுபடி காந்தம் வெச்சுப் பாக்கல. தப்பு என்னுதுதான்."

"கை போயி ரத்தம் கொட்டிகினு கீது, அந்த மனுசன் சுவுத்தாண்ட போயி பீஸ் கட்டைய புடுங்குறாரு. வேற எவனாவது மிஷின போட்டுடப் போறான்னு" என்று கன்னியப்பன் சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிடும். பிறகு அண்ணன் குனிந்து, உடைந்த பலகையிலிருந்து கீழே விழுந்த எதையோ எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாராம். கன்னியப்பன் கைக்கு அகப்பட்டது, நாற்காலிக்குப் பாலிஷ் போட வைத்திருந்த ஸ்பிரிட் டின். காயம் சீழ் பிடிக்கக் கூடாதென்று டின்னோடு கையில் கவிழ்த்திருக்கிறார். சட்டை, வேட்டி எல்லாம் நனைந்துவிட்டது.

மதுவிலக்கு இருந்த காலம் அது. சாராயம் கிடைக்காதவர்கள் பாலிஷ் ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்து குடிப்பது நம் பக்கத்தில் எல்லோரும் அறிந்ததுதான். நானும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது அண்ணன் படுத்திருந்த கட்டிலைச் சுற்றி அந்த வாடைதான் அடித்தது. பார்க்க வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா முகத்தைச் சேலையில் மூடிக்கொண்டார்.

அண்ணன் அம்மாவைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு என்னை அருகில் கூப்பிட்டார்.

"பாப்பா, பையில ரெண்டு சாமான் கீது. எடு."

ஒன்று ஃபியூஸ் கட்டை. இன்னொன்று நாலு பட்டைப் படகு ஆணி. ஒரு பக்கம் கத்தி பட்டுப் பளபளத்தது. அதன் தலையை ஒட்டி, மரப்பட்டைத் துணுக்கோடு நாலைந்து முடி சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னுதாண்ணே?"

"நான் அடிச்ச ஆணி எனக்குத் தெரியாதா? கட்டைய கன்னியப்பனாண்ட குடு, வேல நின்னுகினு கீது. ஆணிய கடல்ல போட்டுடு. அம்மா கண்ணுல படக் கூடாது."

"எல்லாரும் நீ குடிச்சன்றாங்கண்ணே. நான் சொல்லிடறேன்."

"இன்னான்னு சொல்லுவ? ஆணி வந்துட்சின்னா? அம்மா அன்னிலேந்து உன் மூஞ்சியவே பாத்துகினு இருப்பாங்க. மாப்ள வூட்ல தெரிஞ்சா மூணாவது ஓலை வாசிக்க வுடமாட்டாங்க. குடிச்சேன்னு சொன்னா எனக்கு இன்னா குறைஞ்சு போச்சு. கன்னியப்பனாண்டயும் வாய தொறக்காதன்னு சொல்லிட்டேன். கல்யாணம் முடியட்டும்."

கல்யாணம் முடியட்டும் என்றுதான் சொன்னார். எப்போதும் சொல்லாதே என்று சொல்லவில்லை. இதை நான் பிற்பாடு பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அன்று சாயங்காலமே கடற்கரைக் கல்லில் நின்று ஆணியை வீசினேன். என்னைத் தேடி எதுவும் திரும்பி வரவில்லை. வீட்டுக்கு வந்து சோறு தின்றேன்.

கல்யாணத்துக்கு அண்ணன் கட்டுப்போட்ட கையோடு வந்து கடைசி வரிசையில் நின்றார். முன்னால் உட்கார வேண்டாம் என்று மாமியார் சொல்லி அனுப்பியிருந்தார். திருவிழாவில் தேருக்குத் தோள் கொடுக்கும் இடத்தையும் அந்த வருடம் அவருக்குக் கொடுக்கவில்லை. முதலாளி நல்ல மனிதர், வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் குடிகாரனை மிஷினில் விட முடியாது என்று சொல்லி, மூலையில் உட்கார்ந்து கத்தி தீட்டும் வேலையைக் கொடுத்தார். மிஷினைக் கன்னியப்பன் ஓட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா எங்கள் இருவரையும் கோயிலுக்கு அழைத்துப் போய், அந்தோணியார் சுரூபத்தின் முன் அண்ணனை முழங்கால் போடச் செய்தார். இனிமேல் குடிப்பதில்லை என்று சத்தியம் வாங்கினார். வாழ்க்கையில் ஒரு சொட்டுக்கூட வாயில் வைக்காத மனிதர் கைகூப்பி, இனி குடிக்க மாட்டேன் என்று மூன்று முறை சொன்னார். நான் பக்கத்தில் தலையில் முக்காட்டோடு நின்றுகொண்டிருந்தேன். வெளியே வந்ததும் அண்ணன் என்னிடம் மெதுவாக, "இது சுலுவான சத்தியம் பாப்பா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

எனக்கு மூத்தவன் பிறக்கவிருந்த சமயம், அண்ணனுக்கு ஓர் இடத்தில் பெண் பார்த்தார்கள். பெண்ணுக்கும் பிடித்திருந்தது. பிறகு அவர்கள் விசாரித்துவிட்டு, குடிக்கிறவனுக்குக் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பேச்சு நடந்தபோது நான் உள்ளே படுத்திருந்தேன். எழுந்து போய் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் இன்று இந்தப் பக்கங்களை அவருடைய பிள்ளை எழுதியிருக்கும். என்னைப் பார்க்க வந்திருந்த மாமியார் பக்கத்து அறையில் இருந்தார். நான் எழுந்திருக்கவில்லை.

அம்மா ஆறு வருடம் கழித்துப் போனார். மாமியாரும் போனார். பயந்துகொள்ள ஆளே இல்லாமல் போன பிறகும் என்னால் சொல்ல முடியவில்லை. முதலில் கல்யாணத்துக்குப் பயந்தேன். அப்புறம், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயந்தேன். நாள் ஆக ஆக அந்த இரண்டாவது பயம்தான் பெரிதாயிற்று.

அண்ணன் அந்த மூலையில் குறை சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். மூன்று விரல் கையால் கத்தியைப் பிடித்துக்கொண்டு தீட்டுவார். கத்தி பொருத்தி, திருகு ஒவ்வொன்றையும் இரண்டு முறை முறுக்கிப் பார்த்து, தன் கையால்தான் ஃபியூஸ் கட்டையைத் திரும்பப் போடுவார். மெழுகு தேய்க்கும் சனிக்கிழமை ஒன்றும் தவறவில்லை. ஒரு வழக்கத்தை மட்டும் புதிதாகச் சேர்த்துக்கொண்டார். பலகை மிஷினில் ஒவ்வொரு முறை போய் வந்ததும் மறுபடி காந்தத்தை நகர்த்திப் பார்த்த பிறகுதான் அடுத்த முறை தள்ள விடுவார். வேலை தாமதமாகிறது என்று முதலாளியே சலித்துக்கொண்டதுண்டு. அந்தப் பதினைந்து வருடத்தில் அந்த மிஷினில் வேறு ஒருவர் கையிலும் ஒரு கீறல் விழவில்லை. இதைக் கன்னியப்பன்தான் எழுதச் சொன்னார்.

மரத்தூள் நெஞ்சில் தங்கி இருமல் வந்தது. மூன்று மாதம் எங்கள் வீட்டில்தான் படுத்திருந்தார். போவதற்கு முந்தைய வாரம், மத்தியானம் நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாப்பா, நீ இன்னாவோ சொல்லணும்னு கீற மாதிரி கீதே" என்றார். தொண்டை வரை வந்தது. "ஒண்ணுமில்லண்ணே, நீ குடி" என்றேன். சரி என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அண்ணனின் கடைசி நாட்களில் உதவியவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். தினமும் பட்டறை முடிந்து வந்து அவரைத் தூக்கி உட்கார வைத்த கன்னியப்பனுக்கும், கன்னியப்பன் வீட்டிலிருந்து மீன் சாறு வைத்து அனுப்பிய அவர் மனைவிக்கும், நேரம் பார்க்காமல் வந்து ஊசி போட்ட நர்ஸ் அம்மாவுக்கும், அடக்கத்துக்கு அன்று பட்டறையை மூடிவிட்டு ஆட்களோடு வந்து நின்ற முதலாளிக்கும், நற்கருணை கொண்டு வந்த பங்குச் சாமியாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணனின் ஆன்மாவுக்காக எல்லோரும் ஒரு நிமிடம் செபிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இத்தோடு கட்டுரையை முடித்து, அச்சகத்துக்குக் கொடுப்பதற்கு முன் என் கணவரிடம் நீட்டினேன். அவருக்கும் இதெல்லாம் இப்போதுதான் தெரியப் போகிறது என்று நினைத்தேன். அவர் நிதானமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"மூணு பேருக்குத் தெரியும்னு எழுதிகீறியே, தப்பு. நாலு பேரு."

"நாலாவது யாருங்க?" என்றேன்.

"கல்யாணத்துக்கு மொத நாளு மச்சான் கட்டுப்போட்ட கையோட எங்க வூட்டாண்ட வந்தாரு. என்னைத் தனியா கூட்டினு போயி எல்லாத்தையும் சொன்னாரு. நீ பேசாம இருந்தது, ஆணி அடிச்சது, ஆணி வந்தது. 'மறைச்சுக் கட்டிக் குடுக்க மனசு வரல, இஷ்டம் இல்லன்னா இப்பவே சொல்லிடு'ன்னாரு. அப்பா செத்ததுக்கு ஒரு கொயந்த பேசாம இருந்தா அது பேயான்னு நான் கேட்டேன். மனுசன் அப்படியே என் தோள்ல சாஞ்சிட்டாரு."

"அப்புறம் ஏன் நீங்க ஒரு வார்த்தகூட என்கிட்ட..."

"சத்தியம் வாங்கினாரு. 'அவளா பேசும்போது பேசட்டும், நீ அவள உலுக்காத'ன்னாரு."

கட்டுரையை மாற்றி எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று, இதை மட்டும் கடைசியில் சேர்த்து அப்படியே கொடுத்துவிட்டேன், நான் எப்படிப்பட்டவள் என்பதும் தெரியட்டும். சின்ன வயதில் மூன்று மாதம் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தார். அப்புறம் பதினைந்து வருடம் காத்திருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் அவரே கேட்டார், அப்போதும் நான் ஒண்ணுமில்லை என்றேன்.

இருந்தது அண்ணே. இவ்வளவு இருந்தது.